தகரச் சுருள்

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் தகரம். காலி டப்பா எதையும் தூக்கிப் போடமாட்டாள். துணி காயப்போட கிளிப், பால் பொங்காமல் இருக்க ஒரு மூடி, எல்லாம் அவளே வெட்டியவை. வெட்டும்போது ஆறு வயது மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷின் அவளுடையது. வீடும் எங்கள் தெருதான்.

சட்டையின் அடியோரத்தை விரலால் இரண்டு மடிப்பு மடித்துத் தைப்பது எங்கள் வேலை. அறுநூறு முடித்தால் கிளம்பலாம். முடிய ஆறரை ஆகிவிடும். அவள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பக்கத்து வீட்டுக்காரி, உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவாள். வாசலை ஒட்டி லாரி ஓடும் ரோடு, வேறு என்னதான் செய்வது? குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதற்காகத்தான் தகரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பவுடர் டப்பாவை வெட்டி, நத்தை போலச் சுருட்டி, ஊசிக்கு முன்னால் பொருத்தினாள். தட்டையாக உள்ளே போன துணி மடிந்து வெளியே வந்தது. நாலு மணிக்கே அறுநூறு. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த ஓட்டம் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் சூப்பர்வைசர் வந்து நின்று பார்த்தார்.

“கெட்டிக்காரிம்மா நீ,” என்றார்.

அடுத்த வாரம் நாற்பது மிஷினிலும் அந்தச் சுருள். அறுநூறு எண்ணூறானது. மறுபடி ஆறரை.

“உன் மூளைய வீட்லயே வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்று நானே கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் நாங்கள் திரும்பும்போது அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தது. கையில் நீளமான தகரப் பட்டை, நுனியில் கொக்கி.

“ஜன்னல் வழியா விட்டு இழுத்தேம்மா. தாழ்ப்பா வந்துடுச்சு.”

தகரம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவு கச்சிதமாக இருந்தது. பெருமை தாங்காமல் சிரித்தாள்.

“கெட்டிக்காரிடி நீ,” என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு பூட்டுக் கடைக்குப் போனாள்.

“தகரத்த விட்டு நெம்பினா தொறக்காதே?” என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டாள்.

“எதப் போட்டு நெம்பினாலும் தொறக்காதும்மா,” என்றார் அவர்.

பூட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.