அன்று நான் அடிக்காத தமட்டை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழையும் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

காக்ஸ் டவுன் பக்கத்தில் எங்கள் மைதானம். பத்தொன்பது வயதில் அங்கே எங்கள் ஏரியா அணிக்குக் கோல்கீப்பராக நின்றேன். ஒரு மேட்சில் மெதுவாக உருண்டு வந்த பந்து என் கால்களுக்கு நடுவே போய்விட்டது. கோலுக்குப் பின்னால் சுவரில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் தெருக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். "ஓட்டை" என்று கத்தினான். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அதன்பின் பந்து வரும்போதெல்லாம் சுவர் முழுக்க அதையே கத்தியது. எதிரே வருகிறவனை நான் பார்க்கவில்லை, முதுகுக்குப் பின்னால் கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று கோல் போனது. அதோடு ஆட்டத்தை விட்டேன். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் என் கல்யாணத்திலும்கூட அந்தப் பெயர் கூடவே வந்தது.

மைதானத்தை மட்டும் விட முடியவில்லை. பறை மாதிரித் தோல் கட்டிய தமட்டையை அடிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனி அடி உண்டு. பந்து அவன் காலுக்குப் போனதும் அந்த அடியை அடிப்பேன், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு அவன் பேரைச் சொல்லும். தடுமாறுகிறவனுக்கு இரண்டு முறை சேர்த்து அடிப்பேன். தலை குனிந்து நின்றவன் நிமிர்ந்து ஓடியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

போன வருஷம், அன்று சுவரில் உட்கார்ந்து எனக்குப் பெயர் வைத்த ஆளின் மகன் எங்கள் அணியில் முன்வரிசையில் ஆடினான். ஒருநாள் ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தால் நிரந்தர வேலை. பையன் பெனால்டியை வெளியே அடித்தான். அதற்குப் பிறகு பந்து வந்தாலே அவன் கால் பின்னியது. கூட்டம் என் பக்கம் திரும்பியது. நான் குச்சியைக் கீழே வைத்தேன். தோல் தொய்ந்துவிட்டது, காய்ச்ச வேண்டும் என்று சொல்லி, காகிதத்தைக் கொளுத்தி அதன்மேல் தமட்டையைப் பிடித்தேன்.

தோல் நன்றாகத்தான் இருந்தது.

அடி இல்லாவிட்டால் எங்கள் கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது. முதலில் முணுமுணுப்பு வந்தது, பிறகு ஏச்சு. அப்பன் என்னிடம் ஓடிவந்தான்.

"இன்னாப்பா, தட்டேன். செலக்‌ஷனுக்கு வந்தவங்க பாக்கறாங்க."

"தோலு காயணும்."

"காஞ்சது போதும்ணா. பையனுக்குக் காலு நடுங்குது. ஒரே ஒரு தட்டு."

மூத்தவன் என்னை அண்ணா என்றான். கேட்க நன்றாக இருந்தது.

"உனக்குத்தான் நல்ல தொண்டையாச்சே. செவுத்து மேல ஏறி நீயே கத்து."

என் முகத்தையே பார்த்தான். "அதையா இன்னும் மனசுல வெச்சினு இருக்க?" என்றான்.

நான் இன்னொரு காகிதத்தை நெருப்பில் போட்டேன்.

அவன் சுவரில் ஏறி மகன் பேரைக் கத்தினான். ஒற்றைக் குரல். யாரும் சேரவில்லை, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பையன் அப்பனைப் பார்க்கவில்லை, புகை வந்த பக்கம் பார்த்தான். பத்து நிமிஷத்தில் அவனை வெளியே எடுத்தார்கள். வந்த இருவரும் வேறொருவன் பேரை எழுதிக்கொண்டு போனார்கள்.

பையன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கார் ஓட்டுகிறான். அப்பன் என்னைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். அவன் தாண்டி முடிக்கும்வரை நின்று பார்ப்பேன். ஆனால் பையன் காரை நிறுத்தி, "ஏறு மாமா, வூட்டாண்ட வுட்டுடறேன்" என்கிறான். நடந்தே போகிறேன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பனைப் பொறுத்தவரை அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை, 12 அக்டோபர் 2025