பதினைந்தாம் நம்பருக்குப் போட்ட மிஸ்

ரக்பி ஆட்டக்காரன் ஒருவனுக்கு நான் போட்ட மார்க்குக்காக என் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. அவன் எங்களுக்கு மாமனா மச்சானா? ஏழு கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டுக்காக ஆடுகிற வெள்ளைக்காரன். சிவப்புச் சட்டை, முதுகில் பதினைந்தாம் நம்பர், முழங்காலில் கட்டு, முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கிய வயது. "அவனுக்கும் குடும்பம் இருக்கும்ல, இப்படி ஈவு இரக்கம் இல்லாமப் போடுறியே" என்றார். குடும்பம் இருப்பதற்கெல்லாம் நம்ம கம்ப்யூட்டரில் பட்டன் இல்லை என்றேன். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால் திண்டுக்கல்லில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டயர் கடை மாடியில் ஆபீஸ். வெளிநாட்டு ரக்பி மேட்ச்சுகளின் வீடியோ காலையில் வந்து சேரும். ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பட்டன் தட்ட வேண்டும். யார் ஓடினான், யார் பந்தைக் கொடுத்தான், யார் தடுத்தான், யார் கோட்டை விட்டான். நாங்கள் தட்டியதை வைத்துத்தான் அங்கே யாரைச் சேர்ப்பது யாரைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். எங்களில் ஒருவர்கூட அந்த முட்டை வடிவப் பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது தைப்பூசத்தன்று பழனி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டமாகத்தான் தெரிந்தது. பார்க்கப் பார்க்கத்தான் அந்தக் கூட்டத்தில் யார் உழைக்கிறான், யார் உழைக்கிற மாதிரி படுத்துக்கிடக்கிறான் என்று பிடிபட்டது. எனக்கு அது சீக்கிரமே பிடிபட்டது. சோம்பேறிகளைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே பழக்கம் உண்டு, நாலு அண்ணன்மார் உள்ள வீடு.

பட்டன்களில் முக்கியமானது மிஸ். பந்தோடு ஓடுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் போகிறான், தடுக்க வேண்டியவன் தடுக்கவில்லை என்றால் மிஸ். வழுக்கினானா, முழங்கால் வலியா, பின்னால் வந்த இன்னொருவன் பிடித்துவிட்டானா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஒரே ஒரு விலக்குத்தான். இவன் கை பட்டு, ஓடுகிறவன் கால் தடுமாறினால் மிஸ் போடக்கூடாது.

என் வீட்டுக்காரர் வேடசந்தூர் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவர். கபடியில் ஒருவன் கை நழுவினாலும் அடுத்தவன் அமுக்கிவிட்டால் பாயின்ட் எல்லோருக்கும்தான், நழுவவிட்டவனை யாரும் குறித்து வைப்பதில்லை. அந்தப் புத்தியை இவர் ரக்பிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒருவன் கோட்டை விட்டிருப்பான், பின்னால் வந்தவன் பிடித்திருப்பான், இவர் மிஸ் போடமாட்டார். "அதான் பிடிச்சுட்டாங்கள்ல, அப்புறம் என்ன?" என்பார். பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். இந்த இளகின மனசுக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொள்ள நல்லாயிருந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க நல்லாயில்லை.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. ஒரே மேட்ச்சை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். எங்கள் மேஜையில் அந்த இரண்டு பேர் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. இனி ஒருவர் போதும், வருகிற சர்வதேச மேட்ச்சில் யாருக்குத் தப்புக் குறைவோ அவர் இருக்கட்டும் என்றார்கள். நாங்கள் ஒரே வீட்டில் ஒரே பாத்திரத்தில் சோறு தின்கிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

மாமியாருக்கு யார் சொன்னது என்று தெரியாது. மறுநாளே ஒரு பை கத்தரிக்காயோடு வந்து இறங்கினார். மதியம் இவருக்குப் பரிமாறிக்கொண்டே என்னிடம் சொன்னார். "ஏத்தா, பொம்பள நீ ஒரு துணிக்கடையில நின்டுக்கலாம். ஆம்பள வேலையில்லாம வீட்டுல உக்காந்தா ஊரு என்ன பேசும்? பாத்து நாலு தப்பு சேத்துப் போடு தாயி. அவனுக்குத் தெரிய வேணாம்."

அவனுக்குத் தெரிய வேண்டாமாம். அவன் எதிரே உட்கார்ந்து, தொட்டுக்க வெஞ்சனம் பத்தவில்லை என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

"அவரை ஒழுங்காப் போடச் சொல்லுங்க அத்தை" என்றேன். மாமியார் கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "அவ நல்லாப் போடுறா, அவ இருக்கட்டும்" என்றோ, "எனக்கு இந்த வேலை வேணும்" என்றோ இவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் அப்படிக் கொதித்திருக்கமாட்டேன். கத்தரிக்காயைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துபோனார்.

அந்த மேட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்புச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் மோதின. சிவப்பு அணியின் தந்திரம், தடுக்கும்போது வரிசையாக அத்தனை பேரும் ஒரே மூச்சில் முன்னால் பாய்வது. எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. ஆனால் முதுகுக்குப் பின்னால் மைதானமே காலியாகிவிடும், அங்கே காவலுக்குப் பதினைந்தாம் நம்பர் ஒருத்தன்தான். வெள்ளை அணி இதைத் தெரிந்தே வந்திருந்தது. பந்தை வானத்துக்குத் தூக்கி உதைப்பார்கள், அது இறங்குகிற இடத்துக்கு நாலு தடியர்களை அனுப்புவார்கள். கீழே அண்ணாந்தபடி அந்தக் கட்டுப் போட்ட முழங்கால் நிற்கும். சிலதைப் பிடித்தான், சிலது மார்பில் பட்டுத் தெறித்தது. நான் ஒன்றையும் விடாமல் தட்டினேன்.

ஆனால் தோற்கடித்தது அவன் இல்லை. அதே அணியின் பதிமூன்றாம் நம்பர். பெரிய சூரப்புலி மாதிரி வரிசையைவிட ஓரடி முந்திப் பாய்ந்துகொண்டே இருந்தான். வரிசை ஒன்றாகப் பாய்ந்தால்தான் அது தடுப்பு, ஒருத்தன் முந்தினால் ஓட்டை. வெள்ளை அணியின் பத்தாம் நம்பர் அதை இடைவேளைக்குப் பிறகு கண்டுகொண்டான். அவன் ஒருவன்தான் அன்று மைதானத்தில் தலையை வைத்து விளையாடியவன். பதிமூன்றின் தலைக்கு மேலே ஓரத்துக்கு நீளமாக எறிவான், ஓர ஆட்டக்காரன் வாங்கி ஓடுவான். இரண்டு தடவை அப்படியே கோட்டைத் தாண்டினார்கள். இரண்டு தடவையும் கடைசியில் தரையில் விழுந்து கிடந்தவன் பதினைந்துதான், அதனால் வர்ணனைக்காரர்கள் அவனைத் திட்டினார்கள். படத்தில் கடைசியாகத் தெரிகிறவன் தலையில்தான் பழி விழும். பதிமூன்று அதற்குள் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் கணக்கில் நான் போட்ட மிஸ்ஸுகளைப் பார்த்தால் அவனைப் பெற்றவள் அழுவாள்.

சிவப்புக் கேப்டனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கம்பத்துக்கு நேரே பெனால்டி கிடைக்கிறது, உதைத்தால் மூன்று பாயின்ட் நிச்சயம். இவர் வேண்டாம் என்று பந்தை மூலைக்கு உதைக்கச் சொல்லி, அங்கிருந்து கோட்டைத் தாண்டினால் கிடைக்கிற ஐந்துக்கு ஆசைப்படுவார். மூலையில் பந்து பறிபோகும். திரும்பவும் பெனால்டி, திரும்பவும் மூலை, திரும்பவும் பறிபோகும். இரண்டே பாயின்ட்டில் தோற்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கு அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. முகத்தில் மட்டும் வீரம் குறையவே இல்லை.

சரிபார்க்கிற அன்று எங்கள் இருவரையும் ஒரே திரைக்கு முன்னால் உட்காரவைத்தார் சூப்பர்வைசர். ஒட்டன்சத்திரத்துக்காரர், எங்களைவிட இளையவர், சங்கடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் வேறுவேறாகத் தட்டிய இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக ஓட்டினார். முதல் துண்டு, சிவப்புச் சட்டைக்காரன் கை நழுவுகிறான், அடுத்தவன் பிடிக்கிறான், இவர் மிஸ் போடவில்லை. இரண்டாவதும் அதே. அதற்கடுத்ததும் அதே.

"அடுத்தவன் பிடிச்சுட்டான்ல தம்பி" என்றார் இவர்.

"பிடிச்சாலும் மிஸ் மிஸ்தானுங்க அண்ணா" என்றார் சூப்பர்வைசர், திரையைப் பார்த்தபடியே.

எனக்கும் தப்புகள் விழுந்தன, இல்லை என்று சொல்லவில்லை. செம்பட்டை முடிக்காரர்கள் இரண்டு பேரை மாற்றி மாற்றித் தட்டியிருந்தேன். ஆனால் பாதி தாண்டுவதற்குள் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. இவர் தப்புகள் என் தப்புகளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டன. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் கத்திக்கொண்டிருந்தது, இவர் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். சந்தோஷமாக இருந்தது.

கடைசித் துண்டு பதினைந்தாம் நம்பர். ஓர ஆட்டக்காரன் அவனைத் தாண்டிப் போகிறான், இவன் நீட்டிப் பாய்ந்து குப்புற விழுகிறான், போனவனைப் பத்தடி தள்ளி இன்னொருவன் அமுக்குகிறான். நான் மிஸ் போட்டிருந்தேன். இவர் போடவில்லை. சூப்பர்வைசர் மெதுவாக ஓட்டினார். அப்போது பார்த்தேன். பாய்ந்தவனின் விரல் நுனி ஓடுகிறவனின் பூட்ஸில் படுகிறது. கால் ஒரு பின்னு பின்னுகிறது. அதனால்தான் அவன் அகப்பட்டான். அந்தத் துண்டில் இவர் போட்டதுதான் சரி.

இவர் திரையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரிய மனுஷன் குரலில் சொன்னார். "தம்பி, அவ போட்டதே சரின்னு வச்சுக்கங்க. நான் விட்டுக்குடுத்துடுறேன். அவளே இருக்கட்டும்."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. எதை விட்டுக்கொடுக்கிறார்? அவரிடம் கொடுக்க என்ன மிச்சம் இருந்தது? என் மூஞ்சி எரிந்தது. அந்த முழங்கால் கட்டுக்காரனைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற மாதிரி என்னையும் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டார்.

"ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம்" என்றேன். "தம்பி, திரும்ப ஓட்டுங்க. விரல் படுது பாருங்க. கால் பின்னுது. அவரு போட்டதுதான் சரி. எனக்குத் தப்பு போடுங்க."

சூப்பர்வைசர் திரும்ப ஓட்டினார், பார்த்தார், என் பக்கம் ஒரு தப்பைச் சேர்த்தார். அப்படியும் நான்தான் வெகு தூரம் முன்னால் இருந்தேன். வேலை எனக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படி இறங்கும்போது இவர் எனக்கு முன்னால் போனார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

இவருக்கு வேடசந்தூர் மில்லில் டைம் ஆபீஸ் வேலை கிடைத்தது. மில் பஸ் முக்குக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து இவருடைய சித்தப்பா, தன் பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை கொடுக்க வந்தார். மாமியாரும் வந்திருந்தார். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டியாமே?" என்றார் சித்தப்பா.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "ரெண்டு பேருல ஒருத்தருதான்னு சொல்லிப்புட்டாக. எம்புள்ளதான், பொண்டாட்டி இருக்கட்டும்னு விட்டுக்குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டான். அம்புட்டு நல்ல மனசு."

"இந்தக் காலத்துல எவன் செய்வான்?" என்ற சித்தப்பா, டம்ளர்களோடு வந்து நின்ற என்னை ஏறெடுத்துப் பார்த்தார். "நீ குடுத்து வச்சவ ஆத்தா."

மாமியாருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில்தான் இவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "அப்படியில்லம்மா, அவதான் நல்லாப் போட்டா." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் டம்ளரை நீட்டினேன். வாங்கினார், ஊதினார், ஒரு வாய் குடித்தார், சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றார்.

கைக்கெட்டும் தூரம். காலில் கட்டு இல்லை, தரையில் வழுக்கல் இல்லை. மிஸ்.