பேர் வெட்டிய டம்ளர்

என் வீட்டு அடுப்படி அலமாரியில், தினமும் புழங்கும் பாத்திரங்களுக்குச் சற்றுத் தள்ளி, ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதன் விளிம்புக்குக் கீழே ‘சிஸ்டர்’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். பார்ப்பவர்கள், உங்கள் குடும்பத்தில் கன்னியாஸ்திரி யாராவது உண்டா என்று கேட்பார்கள். அப்படி யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் நடவு நட்டார்கள், களை எடுத்தார்கள், கரும்பு வெட்டினார்கள். அந்த டம்ளர் என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வில்லியனூர் பாத்திரக்கடையில் வாங்கியது. வாங்கிய நாளில் இருந்த பளபளப்பு இன்றும் குறையவில்லை. குறையும்படி அதற்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

அப்போது நான் ஆங்கில இலக்கியம் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்ததும் அமெரிக்காவிலிருந்து ஓர் ஊழியக் குழு எங்கள் பக்கம் வரும். மிஷன் டிரிப் என்பார்கள். ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, புதுச்சேரி கடற்கரையோரம் ஓட்டலில் தங்கி, காலையில் ஏசி வேனில் கரிக்கலாம்பாக்கம், அபிஷேகப்பாக்கம் என்று சுற்றி, காலனிகளில் ஜெபக்கூட்டம் நடத்திவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். எங்கள் காலனி ஜெபவீட்டுப் பாஸ்டர் என்னை மொழிபெயர்க்கச் சேர்த்துவிட்டார். நானும் அதை ஊழியம் என்று நம்பித்தான் போனேன். முதல் நாள் வேனில் குழுத்தலைவர் எழுந்து நின்று, கிராமத்தில் யார் வீட்டிலும் எதையும் சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடிக்காதீர்கள், கொடுத்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள், அவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ‘அவர்கள்’ என்பது நாங்கள்தான் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசி சீட்டில், பாட்டில் தண்ணீர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவேதான் என் இடம்.

அத்தை விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே நிலத்துக்காரர் வீட்டுக் கழனியில்தான் வேலை செய்தாள். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் அவளுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். தாகம் எடுத்தால் அதை எடுத்து நீட்ட வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். நடவுக்கு ஆள் சொல்ல நிலத்துக்கார அம்மா காலனிக்கு வந்தால் தெருவிலேயே நிற்பாள். சுபாவத்தில் கெட்டவள் இல்லை. சிரித்துப் பேசுவாள், ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பாள். “ஒரு வாய் தண்ணி குடிங்கம்மா” என்று அத்தை சொம்பை நீட்டினால், “இப்பதான்டி குடிச்சிட்டு வந்தேன்” என்பாள். வேகாத வெயிலில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றாலும் அவள் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பாள். அத்தையும் விடாமல் ஒவ்வொரு முறையும் கேட்பாள். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அந்தக் கண்ணடிப்புக்குப் பின்னால் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று எனக்கு அந்த வயதில் தெரியாது.

ஜெபவீட்டில் அவள் சேர்ந்ததற்கும் இதுதான் காரணம். ராப்போஜனத்தன்று, திராட்சரசத்தைப் பாஸ்டர் குடித்த கிண்ணத்திலேயே எல்லாரும் குடிப்பார்கள். “பாஸ்டரு எச்சிய நானு, என் எச்சிய அடுத்தவ. அங்க யாரும் மேலேர்ந்து ஊத்தலடி” என்று வியந்து வியந்து சொல்வாள். வேதத்தில் அவளுக்கு வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. தெரிந்த வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

குழுவோடு நான் போன முதல் வருஷம், கடைசி நாளில் கால் கழுவும் கூட்டம் வைத்தார்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் போல, வந்தவர்கள் காலனிப் பெண்களின் கால்களைக் கழுவுவார்கள் என்று பாஸ்டர் அறிவித்தார். எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முந்தின நாளே செங்கல் துண்டை வைத்துக் குதிகாலைத் தேய்தேயென்று தேய்த்து, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பெரிய மனிதர்கள் தொடப்போகிற கால் அழுக்காக இருக்கலாமா? பாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்ளோ சுத்தமா வந்து உக்காந்தா அவங்க இன்னாத்தக் கழுவுறது?” என்று பல்லைக் கடித்தார். அத்தையின் முன்னால் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி மண்டியிட்டாள். நீல பிளாஸ்டிக் பேசினில் அத்தையின் காலை வைத்து, விரல் இடுக்கெல்லாம் கழுவி, துண்டால் துடைத்து, புறங்காலில் முத்தமிட்டு, “சிஸ்டர்” என்றாள். அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். அவள் புருஷன் செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் நவரைப் பட்டத்து நடவு. சேற்றில் காலை வைக்க மனசே வரவில்லை என்றாள். நிலத்துக்கார அம்மா வரப்பில் நின்று, “இன்னாடி, வெள்ளக்காரி கால் கழுவி வுட்டாளாமே, இனிமே ஏசி போட்டாத்தான் நடுவியா?” என்று சீண்டினாள். அத்தை நிமிர்ந்து பார்த்து, “அடுத்த வருசம் அவ என் வூட்டுல வந்து தண்ணி குடிப்பாம்மா, வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டாள். வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. பத்துப் பெண்கள் கேட்க, எத்தனையோ வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்துச் சொன்னது. அந்த வருஷம் முழுக்க அவள் அந்த வார்த்தைக்காகவே உழைத்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தாள், வாசலுக்கு சிமெண்டு பூசினாள்.

அந்தக் குழுவின் கட்டுப்பாட்டை நான் முன்கூட்டியே அவளிடம் சொன்னேன். நம்மூர்த் தண்ணீர் அவர்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் பாட்டில் என்றேன். அத்தை வருத்தப்படவே இல்லை. “பாவம், ஊர் வுட்டு ஊர் வந்தவ, நாமதான் பாத்துக்கணும்” என்றாள். கடையில் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் வாங்கினாள். வீட்டுப் பாத்திரம் எதிலும் யாராவது வாய் வைத்திருப்பார்கள் என்று வில்லியனூர் போய்ப் புது டம்ளர் வாங்கினாள். பேர் வெட்டுகிறவர் என்ன போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த வெள்ளைக்காரத் துரைசாணியின் பேர் இவள் வாயில் நுழையாது. “சிஸ்டர்னு போடு. அவளும் என்ன அப்பிடித்தான் கூப்புடுறா” என்றாளாம்.

மறு பொங்கல் கழிந்து அந்தப் பெண்மணி மீண்டும் வந்தாள். அத்தையைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வீட்டுக்குக் கூப்பிட்டதும் மறுக்காமல் வந்தாள். தெருவே கூடி நின்றது. நிலத்துக்கார அம்மாவும் ஏதோ வேலையாக வந்தவள் போலத் தெருமுனையில் நின்றாள். அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாரும் பார்க்க பாட்டில் மூடியைத் திருகி உடைத்து, புது டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தப் பெண்மணி டம்ளரை வாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். தோள்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துத் தட்டிக் காட்டிவிட்டு, ஆங்கிலத்தில் மிக இனிமையாக ஒரு வாக்கியம் சொன்னாள். “இன்னாடி சொல்றா?” என்றாள் அத்தை. கையில் டம்ளர் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் சொன்னேன். “இப்பதான் குடிச்சாங்களாம் அத்த.”

தெருமுனையில் நின்ற நிலத்துக்கார அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக நடந்து போய்விட்டாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை. பிறகு உள்ளே வந்த அந்தப் பெண்மணி, அத்தை ஆக்கி வைத்திருந்த சோற்றையும் கோழிக்குழம்பையும் கண்மூடி ஆசீர்வதித்து, படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்தாள்.

வேன் போன பிறகு, வயிறுதான் காரணம், பயம்தான் காரணம் என்று நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “தண்ணிய மாத்திட்டேன். டம்ளர மாத்திட்டேன். இன்னும் மாத்த எங்கிட்ட இன்னா கீது? நான்தான பாக்கி?” பயந்துதான் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தியின் காலுக்கு முத்தமிட முடிந்தவளுக்கு, அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்க முடியாதா? அவள் நல்லவள் என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் கால் கழுவும் கூட்டம். அத்தை வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள், முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இந்த முறை காலைத் தேய்த்துக் கழுவாமல் கழனியிலிருந்து நேராக வந்திருந்தாள். துரைசாணி பேசினோடு வந்து மண்டியிட்டதும், இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியிலேயே சம்மணம் போட்டு, புடவையால் மூடிக்கொண்டாள். “எங்காலுக்கு இன்னா கொற? அத நானே கழுவிக்குவேன். எங்கையால ஒரு வாய் தண்ணி குடிச்சாளா? அதக் கேளுடி” என்றாள். நான் ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி குழம்பிப்போய்ப் பாஸ்டரைப் பார்த்தாள். அவர் மைக்கை வாயருகே கொண்டுபோய், இந்தச் சகோதரி தனக்குத் தகுதியில்லை என்கிறாள், சீஷன் பேதுருவும் ‘ஆண்டவரே, நீர் என் கால்களைக் கழுவலாமா’ என்று இப்படித்தான் மறுத்தான் என்று தமிழிலும் தெரிந்த அளவு ஆங்கிலத்திலும் சொன்னார். கூட்டம் அல்லேலூயா போட்டது. நான் மறுபடியும் கத்திச் சொன்னேன். அதற்குள் கீபோர்டில் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். துரைசாணி கண்ணீர் வழிய, புடவைக்குள் கைவிட்டு அத்தையின் காலை இழுத்துப் பேசினில் வைத்தாள். அத்தை அழுதாள். படம் எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து துரைசாணி என்னைக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் மறக்க முடியாத நாள் என்று நன்றி சொன்னாள். நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. பாஸ்டர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷக் காலண்டரில் அத்தையின் அழுத முகம் வந்தது. கீழே ‘தாழ்மை’ என்று போட்டிருந்தார்கள். அதன்பின் நான் அந்த வேனில் ஏறவில்லை. அத்தை ஜெபவீட்டுக்குப் போகவில்லை. கழனி வேலைக்கு மட்டும் கடைசி வரைக்கும் போனாள், அதே அலுமினிய டம்ளரை நீட்டினாள். நிலத்துக்கார அம்மா தெருவுக்கு வந்தால் மட்டும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் தண்ணீர் கேட்டாள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தேன். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். “இத்துல வேணாம், வேற ஒண்ணுல ஊத்தினு வா. அது வர்றவங்களுக்குடி.”

“யாரு அத்த வரப்போறாங்க?” என்றேன். என் குரலில் எரிச்சல்தான் இருந்தது.

“வந்தா?” என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபின் அந்த டம்ளர் என்னோடு வந்தது. நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன், டவுனில் வாடகை வீடு. அத்தை நட்ட கழனியில் கல் ஊன்றி மனை போட்டு விற்கிறார்கள். போன வாரம் என்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அங்கே மனை வாங்கலாம் என்று இருக்கிறாராம், அந்தப் பக்கம் எப்படி என்று கேட்க வந்திருந்தார். நல்ல வெயில். வர்றவங்களுக்கு என்று அத்தை வைத்த டம்ளரில்தான் தண்ணீர் கொடுத்தேன். “பக்கத்துல காலனி ஒண்ணு இருக்காமே டீச்சர், தொந்தரவு ஒண்ணும் இருக்காதே?” என்றார். “நான் அங்கதான் பொறந்தேன்” என்றேன். அதன்பின் விலை, பஸ் வசதி என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். “தண்ணி எடுத்துக்கலையே” என்றேன். “இப்பதான் குடிச்சேன் டீச்சர்” என்று சிரித்தார். இந்தக் காலத்தில் எல்லாரும் பாட்டிலோடுதான் அலைகிறார்கள், பழக்கமாகக்கூட இருக்கலாம். எது எந்த ‘இப்பதான்’ என்று பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

அவர் போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினேன். கழுவ அதில் ஒன்றுமில்லை. யாரும் வாய் வைத்திருக்கவில்லை.