கதவிடுக்கில் வைத்த விரல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன்.

பேத்தி ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தாள். பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற தாளாம். காது கேளாத பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி அதை மாற்றவேண்டும், நீ கண்டுபிடித்த விதத்தை எழுது ஆச்சி என்றாள். முதல் கேள்வியே, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இந்தக் கேள்வியால் என் மகள் பட்ட அடி கொஞ்சமா?

என் பிள்ளைகளில் கடைசி இரண்டுக்கும் காது கேட்காது. நான்காவது பையன், ஐந்தாவது பெண். பையன் கண்ணாலேயே எல்லாம் பிடித்துக்கொண்டான். அப்பா சைக்கிளை எடுத்தால் ஓடிவந்து பின்னால் ஏறுவான். பெண் அப்படி இல்லை. தம்ளரைத் தரையில் சுழற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பிடுங்கினால் தன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடிப்பாள்.

"அவனும் செவிடுதான். அவன் மூஞ்சியப் பாக்கான், சிரிக்கான். இவ திமிரு பண்ணுதா" என்று அவள் அப்பா பெல்ட்டை உருவுவார். நானும் அடித்திருக்கிறேன். அகப்பைக் காம்பு ஒடிந்திருக்கிறது. அதை மறைக்கிறவள் இல்லை நான்.

தென்காசிக்கு ஒரு காது டாக்டர் வந்தார். பெண்ணுக்குப் பின்னால் நின்று மணி அடித்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. "காதுதாம்மா. அண்ணன் மாதிரி செவிடர் பள்ளிக்கூடத்துல சேத்துருங்க" என்றார். சேர்த்தோம். எட்டாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டீச்சர் கையில் இவள் பல் பதிந்திருந்தது. "காது கேக்காத பிள்ளைக இப்படி இருக்காது. இதுக்குப் புத்தி சரியில்ல" என்றார்கள்.

புத்தி என்றதும் என் நாத்தனார் அருவி என்றாள். புத்தி பேதலித்தவர்களைச் சீசனில் குற்றாலத்து அருவிக்கடியில் நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. "உச்சந்தலையில தண்ணி விழுந்தா தெளிஞ்சிரும், ஏட்டி" என்றாள்.

தலை நிறைய எண்ணெய் வைத்து, அவள் அப்பாவும் நாத்தனாருமாக அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். எண்ணெய்த் தூக்கோடு நானும் பின்னால் போனேன். ஆடி மாதம், தண்ணீர் கல் மாதிரி விழுந்தது. அவள் அப்பா பிடரியைப் பிடித்து அழுத்தினார். நாத்தனார் கால்களைப் பிடித்தாள். திமிறியதில் பிள்ளையின் நெற்றி பாறையில் மோதிப் பிளந்தது. வந்த ரத்தத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டே போனது. "வெறி இறங்குது, விட்றாத!" என்று நாத்தனார் கத்தினாள். என் கையிலிருந்த பித்தளைத் தூக்கால் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. பிடி விட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபின் எனக்கு விழுந்த அடி தனி. "நாளைக்கழிச்சு மாட்டுச் சங்கிலிதான். தொழுவத்துல கெடக்கட்டும்" என்றார் அவர். எனக்கு ஒரு நாள்தான் இருந்தது.

மறுநாள் கடைசி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டர் முன்னால் போய் நின்றேன். "மணிய அங்கன வைங்க சார். நான் காட்டுதேன்."

அவர் அறை மச்சில் இருந்தது, பலகைத் தரை. ஓங்கி மிதித்தேன். அதிர்வில் இரண்டும் திரும்பின. பையன் என் முகத்தைப் பார்த்தான். பெண் பலகையைப் பார்த்தாள். கொண்டுபோன சேவு டப்பாவை அலமாரிமேல் வைத்தேன். பையன் அதை விரலால் காட்டினான், என்னைப் பார்த்தான், மறுபடி காட்டினான். பெண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, காய் பறிக்கிற துறட்டியைத் தள்ளுகிற மாதிரி டப்பாப் பக்கம் தள்ளினாள்.

"பிடிவாதமா இருக்கும்மா. சின்னதுல்லா" என்றார் டாக்டர்.

இடது சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்தேன். பொய்யாக அழுதால் பையன் கண்டுபிடித்துவிடுவான். நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. பையன் ஓடிவந்து என் கையைத் தன் சட்டைக்குள் பொத்திக்கொண்டு அழுதான். பெண் கதவை மெல்ல ஆட்டி, கீல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா?"

"ரெண்டும் செவிடு சார், ஒரே வயித்துப் பிள்ளைக. அவன் எனக்காக அழுதான். இவளுக்கு அது தெரியல. அடிச்சா தெரிஞ்சிருமா?"

அவர் விரலுக்குக் கட்டுப் போட்டார். காது மட்டும் என்று முன்பு எழுதித் தந்திருந்த சீட்டை வாங்கிக் கிழித்தார். காது ஒன்று, அது போக வேறொன்றும் இருக்கிறது, அதன் பேர் தனக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றார். அடிக்கக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது, அருவியில் நிறுத்தக் கூடாது என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை எழுத்துக்கூட்டி அவள் அப்பாவுக்கு வாசித்தேன். அவர் கட்டுப் போட்ட என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி மாட்டுக்கே போனது. அதோடு அடி நின்றது என்று பொய் சொல்லமாட்டேன். அவர் கை ஓங்கியபோதெல்லாம் நான் நடுவில் நின்றேன்.

மகளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இதோ, பக்கத்தில் தம்ளரைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள். நெற்றித் தழும்பு அப்படியே இருக்கிறது.

பேத்தியின் தாளில் முதல் கேள்வியை அடித்துவிட்டேன். தரையை மிதித்தால் பிள்ளை எதைப் பார்க்கிறது, முகத்தையா, தரையையா என்று அதன்மேல் எழுதியிருக்கிறேன். பேத்தியைக் கூப்பிடுகிறேன். ஏட்டி, இங்கன வா. முதல்லருந்து சத்தமா வாசி. நான் அகப்பையால அடிச்சதையும் விட்றாம வாசி.