வெயில் வரும்வரை நிறம் மாறாத புரோமின்

புரோமின் புட்டியைத் திறந்ததும் மூக்கைக் குத்தி, தொண்டைவரை இறங்கி, கண்ணில் நீர் கோக்க வைக்கும் அந்த நெடியை எங்கள் பள்ளிக்கூடத்தில் "செம்புகை" என்போம். பிளஸ் டூ படித்த வருஷம், ஐப்பசி அடைமழையில், நானும் என் தோழி செல்வியும் அந்தப் புட்டியோடு மயிலாடுதுறை அறிவியல் கண்காட்சிக்குப் போனோம். செல்வியின் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் பிளஸ் டூ வரை வந்த முதல் ஆள் அவள்தான்.

ஹெக்சேன் என்ற நிறமில்லாத திரவத்தில் சில துளி புரோமின் விட்டு, இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றிவிட்டு மற்றதை வெயிலில் வைத்தால், வெயில் பட்டதில் மட்டும் ஹைட்ரஜன் விலகிய இடத்தில் புரோமின் போய் உட்கார்ந்து, செம்பழுப்பு நிறம் மறைந்துவிடும். இதுதான் எங்கள் சோதனை. ஆனால் அன்றைக்கு வானம் ஒரே மூட்டம், விளக்கு வெளிச்சத்தில் காட்டலாம் என்றால் கரண்டும் இல்லை. நிறம் அப்படியே நின்றது.

அங்கிருந்த ஆய்வக உதவியாளர் இரக்கப்பட்டு, "கொஞ்சம் காஸ்டிக் சோடா ஊத்தும்மா, நிறம் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"போகும்ணே. ஆனா அது வேற வினை. நாங்க காட்ட வந்தது அது இல்ல" என்றாள் செல்வி.

நடுவர்கள் வந்தார்கள். "ஒண்ணும் நடக்கலையேம்மா?" என்றார் ஒருவர்.

"வெளிச்சம் இல்லைங்க சார். வெளிச்சம் இல்லாம இது நடக்காதுங்க" என்றாள் செல்வி.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். எனக்கு அழுகை முட்டியது.

மதியம் மேகம் விலகியதும் செல்வி, நடுவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறை வாசலில் போய் நின்றாள். "சார், வெயில் வந்திருக்கு. கொஞ்சம் வெளியில வாங்க."

கேள்வி கேட்ட அந்த நடுவர் மட்டும் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். முற்றத்து வெயிலில் செம்பழுப்பு ஆரஞ்சாகி, வைக்கோல் நிறமாகி, தண்ணீரைப் போலத் தெளிந்தது. குழாயின் வாயில் பிடித்த ஈர நீல லிட்மஸ் தாள், வினையில் கிளம்பிய அமில வாயு பட்டுச் சிவந்தது. பிறகு அவள் கறுப்புத் தாளைப் பிரித்தாள்; அந்தக் குழாயில் நிறம் துளியும் குறையவில்லை. அவர் மற்ற பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "இதைப் பாருங்க" என்றார். பரிசு வேறு யாருக்கோ போனது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

இன்று செல்வி ஒரு மருந்து ஆலையின் ஆய்வகத் தலைவி. எங்கள் பள்ளி அலமாரியில் இப்போது புரோமின் புட்டி இல்லை. என் மகள் இந்த வினையைக் கைப்பேசிக் காணொளியில் பார்க்கிறாள், அதில் மழை மூட்டமே வருவதில்லை. "இதை நேர்ல செஞ்சு காட்டின பொண்ணை எனக்குத் தெரியும்" என்று அவளிடம் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.