கிராஞ்சிச் சேற்றின் வயது

கரையிலும் சரி, ஆய்வகத்திலும் சரி, உம்மு சல்மா வலது கையுறையின் பெருவிரல் நுனியைக் கத்தரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். வெறும் விரல் பட்டால்தான் சேற்றில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆய்வகத்தில் குழாய் கழுவ வந்தவள், பார்த்துப் பார்த்துச் சேற்றையே வெட்டப் பழகிக்கொண்டாள்.

சிங்கப்பூரின் கிராஞ்சிக் கரையில் நீளக் குழாயை அழுத்தி எடுத்தால் சேறு உருளையாக வரும். அதை வட்டு வட்டாக வெட்டினால் மேலே இந்த வருடம். கீழே போகப் போகப் பழைய காலம். பூன் லேயிலிருந்து பேருந்தில் வரும்போது சல்மா கண்ணை மூடினால் நகரமே ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நிற்கும். அடுக்குமாடிகளுக்கு அடியில் ரப்பர்த் தோட்டம், அதற்கும் அடியில் காடு, எல்லாவற்றுக்கும் அடியில் பெயரில்லாத கடல்.

ஜப்பானியக் குழுவோடு சேர்ந்து செய்யப்போகும் கடற்சேற்று ஆய்வுக்கு ஒரு வெப்பமண்டலக் கரை வேண்டும். கிராஞ்சியா, மலேசியாவின் திரங்கானுவா? அடுக்குகள் கலையாத கரைக்குத்தான் வாய்ப்பு. திரங்கானு என்றால் அந்த ஊர் ஆட்களே சேற்றில் இறங்குவார்கள். கிராஞ்சி என்றால் சல்மா இறங்குவாள். மூன்று வருடம், அவளுக்குப் பிடித்த அந்தக் கரையில்.

கிராஞ்சியில் எடுத்த மாதிரி உருளை மேசைமேல் கிடந்தது. ஆய்வை நடத்தும் தாரணி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நம்ம கிராஞ்சி சூப்பர் லா. லேயர் எல்லாம் கேக் மாதிரி இருக்கு.”

“கேக்குன்னு சொல்லாதீங்க. பசியாறாம வந்திருக்கேன்.”

தாரணி சிரித்துக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பினாள்.

கத்தி ஒரு முழ ஆழத்துக்கு வந்தபோது பெருவிரலில் வழவழவென்று ஏதோ தட்டியது. நூறு வருடப் பழைய சேறு இருக்கவேண்டிய இடம். இலை என்று நினைத்து அலசினாள். நீல நிறம். குட்டித் தொப்பி போல ஒரு ரப்பர் நுனி.

ஆய்வகத்தில் நீலக் கையுறை போய் வெள்ளை வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அப்போது கரையில் அவள் கத்தரித்துப் போட்ட நுனி. சேற்றிறால் வளை தோண்டி அடியிலிருப்பதை மேலே தள்ளி மேடு கட்டும். மேலே கிடப்பது வளைக்குள் விழும். கால் புதையாத இடம் என்று அவள் வழக்கமாக நின்றதும், குழுவை நிற்க வைத்ததும் அந்த மேடுகளில்தான்.

நுனியை விரலில் மாட்டிப் பார்த்தாள். பொருந்தியது. நூறு வருடத்துக்கு முன்னால் தானே அங்கே நின்றிருந்தது போல இருந்தது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

“தாரணி, இங்க வாங்க.”

“என்னக்கா அது?”

“நான்தான். போன காலத்து நான்.”

தாரணி விரலைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள். “ஐயோ... வேற ஸ்பாட் டிரை பண்ணலாமா?”

“அந்தக் கரை பூரா மேடுதான். இறால் கலக்காத சேறு அங்க இல்ல. எழுதிக்குங்க.”

திரங்கானு தேர்வானது. அங்கே போகும் குழாய் ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியைச் சல்மாவே வரைந்து அனுப்பினாள்.

அந்த வாரம், கடல் வற்றிய ஒரு மதியத்தில், கையுறை இல்லாமல் கிராஞ்சிக்குப் போனாள். ஒரு மேட்டின் உச்சியில் ஈரச்சேறு மெல்ல மெல்லப் பிதுங்கியது. கீழே இறால் வேலையில் இருந்தது. குனிந்து பெருவிரலால் தொட்டாள். எந்தக் காலத்துச் சேறோ, குளிர்ந்திருந்தது. காலடியில் நேற்றும் நூறு வருடமும் ஒன்றாகக் குழைந்து கிடக்க, தண்ணீர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றாள்.