ஓடக்காரனின் இடது கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். கலியாணமாகிக் கொரட்டூருக்கு வந்த புதுசு. அந்த வீட்டில் புது மருமகள் மாமனாரிடம் பேசக் கூடாது, அவர் எதிரில் நிற்கவும் கூடாது. எனக்கு அது வசதிதான். பேசு என்றாலே வேர்த்துவிடும்.

மாமனார் பட்டணத்துக்குக் கீரை கொண்டுபோகிறவர். சீமைக்குத் திரும்பும் ஒரு துரை வீட்டு ஏலத்தில் ஒரு படம் எடுத்து வந்தார். வண்ணமே கிடையாது. கறுப்பு மையில் எறும்புக் கால் மாதிரி கீறல்கள். தள்ளி நின்றால் ஆறு, பாலம், கடிகாரக் கோபுரம், ஓர் ஓடம். தினமும் கீரைக்கூடையோடு அவர் தாண்டுகிற கூவமாம். "நம்ம ஆத்த வெள்ளக்காரன் ஊட்ல மாட்டி வச்சிகினு இருந்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அவர் தம்பி வந்து மூக்கு முட்டப் பார்த்தார். ஓடத்தில் ஒருவன் சோறு தின்கிறான்.

"அண்ணாத்தே, இவன் பீச்சாங்கையால துன்றான்."

பார்த்தால், கரையில் பூக்காரி இடது கையால் பூ கொடுக்கிறாள், வாங்குகிறவளும் இடது கையை நீட்டுகிறாள். இது நம்ம ஜனமே இல்லை, ஏதோ சீமை ஆற்றை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தம்பி சிரித்தார். விளக்கேற்றுகிற இடத்தில் இப்படித் தின்கிறவன் இருந்தால் வீடு விளங்குமா என்றார் மாமியார். வெள்ளிக்கிழமை படம் வெளியே போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாமனார் சாப்பிடும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தலை முழுகி, எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னால் ஆறு தெரிந்தது. ஓடக்காரன் வலது கையால் தின்றுகொண்டிருந்தான். திரும்பினேன், இடது கை. கண்ணாடியைப் பார்த்தேன், வலது கை. எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. பொட்டு மூக்கு வரை இழுத்துக்கொண்டது. காற்று கருப்பு அடித்துவிட்டதென்று மாமியார் ஓடிவந்து திருநீற்றை வாயில் போட்டார். சிரிக்கச் சிரிக்க வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்து அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார், எதற்கென்று தெரியாமலே.

அதற்குள் மாமனார் படத்தைக் கழற்றி, ஆறு வெளியே தெரிய மார்போடு பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எப்படிச் சொல்வது? கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடி, கையை மட்டும் நீட்டி அவருக்கு நேராகப் பிடித்தேன். என் சிரிப்பில் கண்ணாடி ஆடியது, ஆறும் ஆடியது.

"ஆட்டாம புடிம்மா" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அப்புறம் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், சோத்துக்கையால துன்றான் பாரு. கோபுரமும் எடங்கைப் பக்கம் வந்துட்ச்சி. நம்ம ஆறுதான்டா."

அன்றைக்குச் சாப்பாடு ஒரே கூத்து. மாமியாரே கண்ணாடி முன் இடது கையால் ஒரு வாய் எடுத்து, "இப்ப சரியா கீதா?" என்றார்.

செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்தால் பக்கம் மாறிவிடும் என்று பின்னால் ஓர் அச்சாபீஸ்காரர் சொன்னார். படம் கூடத்திலேயே தங்கியது. வருகிறவர்களைக் கண்ணாடியில்தான் ஆற்றைப் பார்க்க வைப்பார் மாமனார், குறுக்கே ஒருவரும் நிற்கக் கூடாது. நான் தண்ணீர்க் குடத்தில் குனிந்து பொட்டு வைக்கப் பழகினேன்.

கோபுரம் இடது கைப் பக்கம் என்று எழுதிவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. பட்டணத்துக்கு ரயிலேறிப் போகிறவர்கள் யாராவது கூவம் பாலத்தில் நின்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பென்றால் திருத்திவிடுங்கள்.